யார் பிடித்த விரால்

அந்த விராலைப் பிடித்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் எங்கள் குடும்பத்தில் இந்த விஷயம் சரியாகப் பதிவாகவில்லை. கல்யாணமோ காதுகுத்தோ நடந்து, பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் யாராவது ஒரு மாமா, "அந்த வருஷம் பொங்கலுக்கு இவ அண்ணன் குண்டாத்துல ஒரு விரால் புடிச்சானே, அது என்னா விரால்!" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்ட ஆரம்பித்துவிடுவார். அந்த மீனின் குழம்பைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. நான் எழுந்து, "அதப் புடிச்சது நான்" என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அறுபதைத் தாண்டிய ஒருத்தி ஒரு மீனுக்காக முகம் சிவந்து நிற்பது அவர்களுக்கு வேடிக்கையாக இருக்கிறது.

எனக்கு அப்போது பத்து வயது. திருச்சுழியில், ஆற்றுக்கு இறங்குகிற தெருவில் எங்கள் வீடு. அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவன். ஆனி மாதம் எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்தபோது கணக்கில் தவறியிருந்தான். அப்பா அவனை அடிக்கவில்லை, ஏசவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டிருப்பான். அப்பா என்னைப் பார்த்து, "அந்த ஆளச் சாப்பிடச் சொல்லு" என்பார். நான் திரும்பி, "அண்ணே, சாப்பிடுவியாம்" என்பேன். எனக்கு அது ஒரு விளையாட்டாகக்கூட இருந்தது. புரட்டாசியில் மறுபடி எழுதி, மறுபடியும் தவறினான். அதன் பிறகு அப்பா அந்த ஒரு வாக்கியத்தைக்கூடத் தினமும் செலவழிப்பதில்லை.

என்னோடு அப்பா பேசாமல் இருந்தார் என்று சொல்ல முடியாது. சொம்பைக் கொண்டா, சாவியைக் கொண்டா, அம்மாவைக் கூப்பிடு என்று பேசிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் மகனின் மார்க்குக்காக அத்தனை மாதம் வாயைக் கட்டியவர், நான் வகுப்பில் முதலாவதாக வந்த அட்டையைக் கடையில் கொண்டுபோய் நீட்டியபோது, ஒரு கையால் புளியை நிறுத்துக்கொண்டே மறு கையால் கையெழுத்துப் போட்டார். அட்டையில் புளி ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அதற்கும் என்னைத்தான் திட்டினாள்.

அருப்புக்கோட்டையில் நெசவாளிகளுக்கு நூல் விற்கும் கடைக்காரர் ஒருவர் அப்பாவின் இளவயதுச் சிநேகிதர். அப்பா அவரை அண்ணாச்சி என்பார். எங்களுக்குப் பெரியப்பா முறை. வருஷா வருஷம் பொங்கலுக்கு அடுத்து வரும் கரிநாளன்று எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. அவர் ஒரு மீன் பைத்தியம். கடை அடைக்கிற நாளெல்லாம் கண்மாய் கண்மாயாகத் தூண்டிலோடு அலைகிற மனிதர். அந்த வருஷம் பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போதே அப்பா அம்மாவிடம் சொன்னார்:

"கறி எடுத்துருவோம். ஆனா விரால்னா அண்ணாச்சிக்கு உசுரு. ஒண்ணு கிடைச்சாப் பரவாயில்ல. இந்தத் தண்ணியில எவன் புடிச்சுக் குடுக்கப் போறான்?"

நான் கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டேன்.

அப்பா சொன்னதில் தப்பில்லை. குண்டாறு வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல். ஐப்பசி கார்த்திகையில் செம்மண் கரைந்த வெள்ளம் வரும். மார்கழிக்குள் அது வடிந்து, தை பிறக்கும்போது கணுக்கால் நனைகிற அளவுக்கு ஒரு ஓட்டமும், அங்கங்கே இடுப்பளவு மடுவும் மிஞ்சும். அப்போது தண்ணீர் அப்படித் தெளிந்திருக்கும். உள்ளே ஒரு காசு கிடந்தால் தலையா பூவா என்று கரையிலிருந்தே சொல்லிவிடலாம். கலங்கின குட்டையில் யாரும் மீன் பிடித்துவிடுவார்கள். தெளிந்த தண்ணீரில் நாம் மீனைப் பார்ப்பதற்கு முன்னால் மீன் நம்மைப் பார்த்துவிடும். கரையில் கால் அதிர்ந்தால் போதும், கெண்டைக் கூட்டம் காற்றில் பறந்த உமி மாதிரி சிதறிப் போகும்.

விடிந்ததும் ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் குடிதண்ணீர் எடுத்து வருவது என் வேலை. அப்படிப் போகும்போதுதான் அந்த விராலைப் பார்த்து வைத்திருந்தேன். சலவைத் துறைக்குத் தெற்கே ஒரு மடு. வெள்ளத்தில் சாய்ந்த பனை ஒன்று பாதி தண்ணீரிலும் பாதி மணலிலுமாகக் கிடக்கும். அதன் அடியில்தான் அது இருந்தது. விரால் மூச்சுக்கு மேலே வருகிற மீன். மேலே வந்து, வாயைத் திறந்து ஒரு மிடறு காற்றைக் குடித்துவிட்டுத் தலைகீழாக இறங்கிவிடும். நான் எண்ணிப் பார்த்தேன். ஐந்நூறு எண்ணி முடிப்பதற்குள் ஒருமுறை, பனையின் அடிமரம் இருக்கிற பக்கத்தில், ஒரே இடத்தில் வந்தது.

அம்மாவின் பழைய ஒட்டடைக் கம்பு கொல்லையில் கிடந்தது. அது தூண்டில் கம்பாயிற்று. அப்பாவின் கடையில் ஊசி, நூல், பொத்தானோடு தூண்டில் முள்ளும் நரம்பும் விற்கும். ஒரு முள்ளும் நாலு பாகம் நீளத்துக்கு நரம்பும் எடுத்துக்கொண்டேன். நம் கடையில் நாம் எடுப்பது திருட்டு என்று எனக்குத் தோன்றவில்லை.

முதல் நாள் ஒரு சின்னத் தவளையை முள்ளில் கோத்து, கிழக்குக் கரையில் நின்று போட்டேன். சூரியன் என் முதுகில் இருந்தது. என் நிழல் எனக்கு முன்னால் மடுவின் மேல் விழுந்தது. அன்றைக்கு விரால் மேலே வரவே இல்லை. மறுநாள் சுற்றிப் போய் மேற்குக் கரையில் குந்தினேன். கண் கூசியது, ஆனால் நிழல் எனக்குப் பின்னால் மணலில் விழுந்தது. விரால் வந்தது, தவளையைப் பார்த்தது, திரும்பிப் போனது. மூன்றாம் நாள் நரம்பு தண்ணீரில் பளபளப்பதைக் கண்டுபிடித்து, அதைக் கருவேலம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துக் கறுப்பாக்கினேன். நாலாம் நாள் கொசு கடித்தபோது கையைத் தூக்கிக் கெடுத்துக்கொண்டேன். ஒருநாள் மாடு வந்து கலக்கிவிட்டது. ஒருநாள் என் தும்மல். இப்படி எட்டு நாள். தினமும் தாமதமாக வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எட்டு நாளும் எதற்கு என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. விராலைக் கொண்டுபோய் அப்பாவின் முன்னால் போட வேண்டும். "யாரு புடிச்சது?" என்று அவர் கேட்க வேண்டும். அதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை.

கரிநாள் அன்று காலை அது கடித்தது. கடித்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு, அப்படியே தவளையையும் வாய்க்குள் வாங்கிக்கொண்டு கீழே போயிற்று. பனைக்கு அடியில் போய்விட்டால் நரம்பு அறுந்துவிடும். கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு, மாடு கயிற்றை இழுக்கிற மாதிரி மணலில் திரும்பி ஓடினேன். அது கரையேறி விழுந்து துள்ளியது. நான் அதன் மேல் விழுந்து அமுக்கினேன். முள் என் கட்டைவிரலிலும் ஏறிவிட்டது. அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. சந்தேகப்படுகிற மாமாக்களுக்குக் காட்டுவேன்.

ஒரு முழத்துக்கு மேலேயே இருந்தது. பாவாடையை நனைத்து அதில் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறமாக வீட்டுக்கு ஓடினேன். அப்பா அண்ணாச்சியை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தார். அம்மா அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தான்.

"குடம் எங்கடி?" என்றாள் அம்மா.

"ஆத்துல இருக்கு. இதப் பாரும்மா."

பாவாடையைப் பிரித்தேன். அம்மா குழவியை விட்டுவிட்டாள்.

"யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல. நான் புடிச்சேன்."

"நீயா?"

"நானேதான்."

அம்மா மீனைப் பார்த்தாள். என் விரலில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தாள் என்றும் நினைக்கிறேன். பிறகு தலையைத் திருப்பி, கொல்லையில் கோடரியோடு நின்ற அண்ணனைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இங்க பாரு, இத அண்ணன் புடிச்சதாச் சொல்லுவோம்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? அவன் புடிச்சதுன்னா உங்கப்பா அவன்கிட்ட ஒரு வார்த்த பேசுவாக."

"எங்கிட்டப் பேசட்டும்."

"ஒங்கிட்ட என்னத்தப் பேசுவாக? பொட்டப்புள்ள ஆத்துல எறங்கி மீன் புடிச்சிட்டு வந்தா ஏச்சுதான் விழும். சொன்னாக் கேளு. தை வெள்ளிக்கு ஒனக்குப் புதுப் பாவாட எடுத்துத் தாரேன்."

அண்ணன் கோடரியை வைத்துவிட்டு வந்தான். "வேணாம்மா. அவ புடிச்சது அவ புடிச்சதாவே இருக்கட்டும்" என்றான்.

"நீ வாயத் தெறக்காத. வாயத் தெறக்கிற லட்சணத்துலயா இருக்க?"

அவன் விறகுப் பக்கம் திரும்பிப் போனான். நான் சம்மதிக்கவில்லை. ஆனால் பத்து வயதுப் பெண் பேசாமல் நின்றால் அதற்குச் சம்மதம் என்றுதான் எங்கள் வீட்டில் பொருள். அம்மா மீனைப் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து ஈரத் துணியால் மூடினாள். "எங்க புடிச்ச, எதப் போட்டுப் புடிச்ச, எல்லாத்தையும் அவன்கிட்டச் சொல்லு. அண்ணாச்சி துருவித் துருவிக் கேப்பாக" என்றாள்.

சொன்னேன். துறைக்குத் தெற்கே, விழுந்த பனை, மேற்குக் கரை, தவளை. கேட்டதற்கு மட்டும் பதில். நிழலைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வேண்டுமென்றுதான் சொல்லவில்லை.

அப்பாவும் அண்ணாச்சியும் வந்தார்கள். அண்ணாச்சி செருப்பைக் கழற்றும்போதே தாம்பாளத்தைப் பார்த்துவிட்டார்.

"அடேயப்பா! இதென்ன தம்பி, வெலைக்கு வாங்கினதா? இம்புட்டுப் பெரிய விராலு இப்ப எங்கயும் வரலயே!"

அப்பாவுக்கே ஒன்றும் தெரியாது. அம்மாவைப் பார்த்தார். அம்மா கதவு நிலைக்குப் பின்னால் நின்றபடி, "பெரியவன்தான் காலையில புடிச்சிட்டு வந்தான்" என்றாள்.

அப்பா திரும்பி அண்ணனைப் பார்த்தார். ஆனி மாதத்திலிருந்து அவர் அவனை நேராகப் பார்த்து நான் கண்டதில்லை.

"எங்கலே புடிச்ச?"

"தொறைக்குத் தெக்க... அந்தப் பனைக்கு அடியில" என்றான்.

"தவளையா?"

"ஆமாப்பா."

"ம். பனைக்கு அடியில கெடந்ததா? நானும் சின்ன வயசுல அந்தத் தெக்கு மடுவுலதான் புடிப்பேன்" என்றார் அப்பா. அப்பா மீன் பிடித்தவர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவர் குரலே வேறாக இருந்தது. நான் எட்டு நாள் குந்தியிருந்து எதற்காகக் காத்தேனோ அந்தக் குரல் என்னைத் தாண்டி அவனிடம் போயிற்று. நான் அங்கேயே, கட்டைவிரலில் மஞ்சள் வைத்துச் சுற்றிய துணியோடு நின்றுகொண்டிருந்தேன். "விரல்ல என்ன?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆண்கள் மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். தலைத் துண்டு அண்ணாச்சிக்கு. நடுத்துண்டை அம்மா அப்பாவின் இலையில் வைத்தாள். அப்பா அதைத் தன் கையாலேயே எடுத்து அண்ணன் இலையில் வைத்து, "தின்னு" என்றார். அண்ணன் அதைத் தொடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அதையும் நான் அன்றைக்கு ஒரு குற்றமாகவே எடுத்துக்கொண்டேன். என் மீனைத் திருடியதும் அல்லாமல் தின்னவும் மாட்டேன் என்கிறானே!

அண்ணாச்சி விரலைச் சூப்பிக்கொண்டே சொன்னார்: "தம்பி, நான் சொல்றேன், கேளுங்க. கணக்குப் படிச்சவன் என் கடைக்கு வேணாம். கணக்கு நான் போட்டுக்கிருவேன். சிக்கு விழுந்த நூல ஆத்திரப்படாமப் பிரிக்கிறவன் வேணும். தெளிஞ்ச தண்ணியில விராலு புடிக்கிறவனுக்கு அந்தப் பொறும இருக்கும். பையன அனுப்புங்க. தை முடியறதுக்குள்ள அனுப்புங்க."

அப்பா இலையிலிருந்து நிமிரவே இல்லை. "நீங்க பாத்துச் செஞ்சாச் சரி அண்ணாச்சி" என்றார். கதவுக்குப் பின்னால் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மிளகாய்க் காரம் என்று நினைத்தேன். அப்புறம் அம்மாவுக்கும் எனக்கும் வால் துண்டுகள் மிஞ்சியிருந்தன. நான் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். அம்மா வற்புறுத்தவில்லை.

அண்ணாச்சிக்கு அஞ்சரை மணிக்குத்தான் பஸ். "விராலு ஜோடியாத்தான் இருக்கும். இன்னொண்ணு அங்கதான் கெடக்கும். வா தம்பி, எடத்தக் காட்டு" என்று அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். அப்பாவும் உற்சாகமாக வேட்டியை மடித்துக் கட்டினார். அண்ணன் என் ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டான். அம்மா என்னைப் போகாதே என்றாள். "குடம் ஆத்துல கெடக்கு" என்று சொல்லிவிட்டு நானும் பின்னாலேயே போனேன்.

ஆற்றில் வெயில் சாய்ந்திருந்தது. மடு அசையாமல் கிடந்தது. அடி மணலில் ஓடிய கோடுகூடத் தெரிந்தது. அண்ணாச்சி சொன்னது உண்மை. பனையின் அடிமரத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது விராலின் வால் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. நான் பார்த்தேன். அண்ணாச்சியும் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். அண்ணன் பார்க்கவில்லை. அவன் நேராக மேற்குக் கரைக்கு நடந்தான். நான் சொன்ன இடம். காலையில் சரியான இடம்.

அண்ணன் நெட்டையானவன். மேற்கிலிருந்து அடித்த வெயிலில் அவன் நிழல் இரண்டு ஆள் நீளத்துக்கு மடுவின் மேல் விழுந்து, பனையைத் தாண்டி அக்கரை வரை போயிற்று. கெண்டைகள் சிதறின. கறுப்பு வால் இல்லாமல் போயிற்று. அண்ணன் தூண்டிலை வீசினான். தவளை கல் விழுந்த மாதிரி 'தொப்' என்று விழுந்தது.

அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார். மடுவைப் பார்த்தார். "காலையிலயும் இங்கதான் நின்னியா தம்பி?" என்றார்.

"ஆமா பெரியப்பா, இங்கதான்."

"சரி, சரி" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். தெரிந்தும் விட்டுவிட்டார். மணலைத் தட்டிவிட்டு, "இருட்டுறதுக்குள்ள கெளம்புவோம்" என்று திரும்பவும் செய்தார். அதோடு முடிந்திருக்கும். அண்ணனும் தை முடிவதற்குள் அருப்புக்கோட்டைக்குப் போயிருப்பான்.

அப்போது அப்பா சொன்னார்: "இன்னைக்குப் பழகின கை இல்ல அண்ணாச்சி இது. பொறப்புலயே வந்தது, என்னைய மாதிரி."

அவர் சொன்னது என் கையை. எட்டு நாள் கொசுக்கடி வாங்கிய கை. முள் ஏறிய கை.

"நெழலு தண்ணியில விழுது!" என்று கத்தினேன். "காலையிலதான் இந்தக் கரை. சாயங்காலம் அந்தக் கரை. இதுகூடத் தெரியாமயா நீ புடிச்ச? அவன் புடிக்கல பெரியப்பா. நான் புடிச்சேன். எட்டு நாளா நான் பாத்து, நான் நரம்புக்குச் சாயம் போட்டு, நானே புடிச்சேன். அம்மாதான் பொய் சொல்லச் சொன்னா. இந்தா, பாருங்க!" மஞ்சள் துணியைப் பிய்த்து எறிந்துவிட்டு விரலைக் காட்டினேன்.

ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அண்ணன் கம்பைப் பிடித்தபடி தன் நிழலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அண்ணாச்சிதான் முதலில் பேசினார். "அப்படின்னா, இப்ப நீ எங்கிருந்து போடுவ தாயி?"

நான் அண்ணன் கையிலிருந்து கம்பைப் பிடுங்கினேன். மடு கலங்கிவிடாமல் கீழே இறங்கிச் சுற்றி, கிழக்குக் கரை ஏறி, கோரைக்குப் பின்னால் வயிற்றை மணலில் அழுத்திப் படுத்தேன். தவளையை முதலில் கரையில் வைத்து, அது தானாகக் குதித்து இறங்குகிற மாதிரி மெதுவாகத் தண்ணீரில் விட்டேன். பிறகு எண்ணினேன். ஐந்நூறு. மறுபடி ஐந்நூறு. விரால் வரவில்லை. அவ்வளவு கலைத்த பிறகு வராது என்று எனக்கும் தெரியும், அண்ணாச்சிக்கும் தெரியும். அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை. அக்கரையில் குந்தி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் எழுந்து சத்தமாகச் சிரித்தார். "புடிச்சது இவதான் தம்பி! சந்தேகமே இல்ல. இது மட்டும் ஆம்பளப் புள்ளையாப் பொறந்திருந்தா இன்னைக்கே பஸ்ஸுல ஏத்திக் கடைக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்!" சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்து என்னிடம் தந்தார். அதில் ஆறு நல்ல முள்கள் இருந்தன.

அப்பாவும் சிரித்தார். எனக்காக அவர் சிரித்தார் என்று எனக்கு உள்ளெல்லாம் குளிர்ந்தது. அண்ணாச்சி முன்னால் நடக்க ஆரம்பித்ததும் அப்பா என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அந்த ஆள வீட்டுக்குப் போகச் சொல்லு" என்றார்.

நான் திரும்பி, "அண்ணே, வீட்டுக்குப் போவியாம்" என்றேன்.

அன்றைக்கு அம்மா என்னை அடிக்கவில்லை. மறுநாள் காலை ஒட்டடைக் கம்பை மூன்றாக முறித்து வெந்நீர் அடுப்பில் வைத்தாள். இனிமேல் ஊற்றுத் தண்ணீருக்கு நான் போக வேண்டாம் என்று ஆயிற்று. அண்ணாச்சி எனக்குத் தந்த ஆறு முள்ளையும் அப்பா வாங்கிக் கடை டப்பாவில் போட்டுவிட்டார். அவை ஒவ்வொன்றாக விற்பதை நான் பார்த்தேன். எனக்குச் சேர வேண்டியதை எனக்குத் தராத வீடு என்று பொருமிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பொருமல் நியாயமானது என்று இன்றைக்கும் சொல்வேன். ஒரு மகனோடு தகப்பன் பேசுவதற்கு மகள் பிடித்த மீன் எதற்கு? ஏழு மாதமாக வாயைத் திறக்காத மனிதரிடம் அம்மா நேராகப் போய்க் கேட்டிருக்கக் கூடாதா? கேட்க முடியாத வீடு அது. அப்படியானால் என்னிடம் மட்டும் எப்படி அத்தனை சுலபமாகக் கேட்க முடிந்தது?

நூல்கடைப் பேச்சு அதன் பிறகு எழவில்லை. அண்ணாச்சி மாட்டேன் என்று சொல்லவில்லை. அப்பாதான் கேட்கவில்லை. பொய் சொல்லிப் பிடிபட்ட மகனுக்காக எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பது என்று அம்மாவிடம் சொன்னாராம். தை அமாவாசை கழிந்ததும் மெட்ராஸில் தூரத்து உறவினர் ஒருவருடைய மளிகைக் கடைக்கு அண்ணனை அனுப்புவது என்று முடிவாயிற்று. மூட்டை தூக்கி, மூட்டை மேலேயே படுத்துக்கொள்கிற வேலை.

அவன் கிளம்பிய காலையில் அப்பா வழக்கமான நேரத்துக்குக் கடை திறக்கப் போய்விட்டார். அம்மா தெருமுனை வரை வந்து நின்றுகொண்டாள். கட்டுச்சோற்றுப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனது நான்தான். அண்ணன் ஏற வேண்டிய அதே அருப்புக்கோட்டை பஸ்ஸுக்காகக் கத்தரிக்காய்க் கூடையோடு ஒரு அம்மாள் காத்திருந்தாள். அண்ணனின் தகரப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "எங்கய்யா பயணம்?" என்று கேட்டாள்.

"மெட்ராஸுக்கு" என்றான்.

இவள் இன்னும் கேள்விப்படாத ஆள் என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பத்துப் பதினைந்து நாளில் தெருவில் ஒருவரை நான் விட்டுவைக்கவில்லை. "கரிநாளுக்கு நான் ஒரு விராலு புடிச்சேன்" என்று ஆரம்பித்தேன். "இம்புட்டுப் பெருசு. நூல்கடைப் பெரியப்பா என்ன சொன்னாக தெரியுமா? நான் ஆம்பளப் புள்ளையாப் பொறந்திருந்தா அன்னைக்கே பஸ்ஸுல ஏத்திக் கடைக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாகளாம்!"

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். "அப்படியா தாயி" என்றாள். சிரிக்கவில்லை.

அண்ணன்தான் சொன்னான். "ஆமாக்கா. அவதான் புடிச்சா. எட்டு நாளு காத்துக் கெடந்து புடிச்சா. எங்க ஊர்ல ஒருத்தனும் அப்படிப் புடிச்சதில்ல."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டான், அதுவும் பஸ் ஸ்டாண்டில், நாலு பேர் கேட்கும்படி! கடைசியில் நியாயம் கிடைத்துவிட்டது. நான் மெடல் மாதிரி சுமந்து திரிந்த, பெரியப்பாவின் அந்த 'ஆம்பளப் புள்ளையாப் பொறந்திருந்தா' வாக்கியம் அண்ணனின் வேலைக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் கதவைச் சாத்திய வாக்கியம் என்று எனக்குத் தெரியவில்லை. எட்டாம் வகுப்போடு என்னை வீட்டில் நிறுத்தியபோதுகூட அது எனக்கு உறைக்கவில்லை. அவன் வருஷக்கணக்கில் ஊருக்கு வராமல் இருந்தபோதும், மெட்ராஸ் பிடித்துப்போய்விட்டது போல என்றுதான் நினைத்தேன்.

பஸ் வந்தது. அண்ணன் பெட்டியைக் கூரை மேல் ஏற்றிவிட்டு, என் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, ஜன்னல் ஓரமாக இடம் பிடித்தான். பஸ் திரும்பி ரோட்டில் ஏறும் வரை அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் கையைக்கூட ஆட்டவில்லை. அவன் சொன்னதைச் சரியாகக் கேட்டாளா என்று தெரிந்துகொள்ள, பஸ்ஸுக்குள் ஏறி உட்கார்ந்துவிட்ட கத்தரிக்காய்க்காரியின் ஜன்னலுக்குக் கீழே ஓடி, "கேட்டீகள்ல? நான்தான் புடிச்சேன்" என்று கத்திக்கொண்டிருந்தேன்.